ராமசாமி துரை தோப்பு

வில்லங்கம் பார்ப்பது என் தொழில். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "என்ன பண்றீங்க?" என்று கேட்டு, நான் இப்படிப் பதில் சொன்னால், பாயசம் வருவதற்குள் அவர் இலையை மடித்துவிடுவார். நானும் வக்கீல்தான். ஆனால் கோர்ட்டில் நின்று குரலை உயர்த்துவது எனக்கு அபூர்வம். மன்னார்புரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையில் உட்கார்ந்து, நீங்கள் வாங்கப் போகும் இடம் விற்கிறவருடையதுதானா என்று பழைய பத்திரங்களைப் பார்த்துச் சொல்கிறவள்.

பதிவு அலுவலக பெஞ்சில் காலையில் போய் உட்கார்ந்து, "சர்வர் டவுன், மத்தியானம் வாங்க" என்ற அசரீரியைக் கேட்டுவிட்டு டீக்கடைக்கு நடந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்கள் எனக்குச் சொந்தம். மேற்கொண்டு படியுங்கள். ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் தோப்பு யார் கைக்குப் போனது என்று நான் தேடிய கதை இது. தேடச் சொன்னது அந்தக் குடும்பம் இல்லை. அந்தத் தோப்பில் குடியிருப்பவர்கள்.

தகரப் பெட்டி

கனகவல்லி புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. வேலை முடிந்து யூனிஃபார்ம் புடவையோடு நேராக என் அறைக்கு வந்திருந்தார். கையில் ஒரு துணிப் பை. அதில் அவர் தெருக்காரர்கள் எல்லாருடைய வீட்டு வரி ரசீதும் கரண்ட் அட்டையும் இருந்தன. தெருவின் பெயர் துரைத் தோப்புத் தெரு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்து ஓரமாக இருக்கிறது. இப்போது அங்கே தோப்பும் இல்லை, துரையும் இல்லை. ஓட்டு வீடுகளும் ஒரு மாரியம்மன் கோவிலும் ஒரு அடிபம்பும்தான். அந்த அடிபம்புக்குப் பக்கத்தில் யாரோ ஒரு போர்டு நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். "இந்த இடம் ராம்சே குடும்பத்தாருக்குப் பாத்தியப்பட்டது. ஆக்கிரமிப்பாளர்கள் உடனே காலி செய்யவும்."

அவர்கள் தெருவில் வழிவழியாகச் சொல்லி வருவது இதுதான். ராம்சே துரையின் பங்களாவில் சமையல் செய்தவர் மாரியாயி. கனகவல்லியின் பாட்டனாருக்கு அம்மா. துரை இறந்த பிறகு, அவர் மகள் சீமைக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால், பங்களாவில் வேலை பார்த்தவர்களுக்குத் தோப்பை மனை மனையாகக் கிரயம் செய்து கொடுத்தாள். பத்திரம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. கொள்ளிடம் கரை புரண்ட வருஷம் பெட்டி தண்ணீரோடு போய்விட்டது. "ஏதாவது நகல் இருக்கா?" என்று கேட்டேன். இல்லை. பட்டா மாற்றினீர்களா? அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"போர்டுல போட்டிருக்கே, ஆக்கிரமிப்பாளர்னு, அது யாருங்க?" என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். பையை மடித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க மாரியாயி மூணு வேளையும் பொங்கிப் போட்டப்ப அந்தக் குடும்பத்துக்கு நாங்க ஆக்கிரமிப்பாத் தெரியலீங்களா, வக்கீலம்மா?"

சீமையிலிருந்து வந்த பவர்

நான் வழக்குப் போட்டு, அடுத்த வாய்தா வரை யாரும் தெருவில் கை வைக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை வாங்கிய மறுநாள், போர்டை நட்ட மனைப்பிரிவுக்காரர் முத்துவேல் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மேசை மேல் இரண்டு போன். ராம்சேயின் கொள்ளுப் பேரன் இங்கிலாந்தில் இருக்கிறாராம். தோப்பை விற்க முத்துவேலுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். ஃபைலைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வருவாய்க் கணக்கில் இன்றைக்கும் பெயர் ராம்சேதான். ராம்சே வாங்கிய இங்கிலீஷ் பத்திரம் இருக்கிறது. விற்ற பத்திரம் எங்கேயும் இல்லை. "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு மேடம். சுத்தமா இருக்கு" என்றார். தன் மனைப்பிரிவுகள் அத்தனைக்கும் இனி நானே லீகல் பார்க்கலாம் என்று, டீ சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லி வைத்தார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கப்பலில் வந்தவன் மூன்று தலைமுறைக்குப் பிறகும் சொந்தக்காரன். அங்கேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அடிபம்புக்குச் சண்டை போட்டுக்கொண்டு வாழ்கிறவள் ஆக்கிரமிப்பாளர். இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கப்படுகிறது என்று அவரைக் கேட்டேன். "உங்க லீகல் எனக்கு வேண்டாம், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கிளம்புங்க" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. போன்களை எடுத்துக்கொண்டு சிரித்தார்: "தேடுங்க மேடம், நல்லாத் தேடுங்க. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. அதுல தப்பு வராது."

மக்குத் துரை

தேடினேன். அந்தக் காலத்துப் பெயர் அட்டவணைகள் கம்ப்யூட்டரில் ஏறவில்லை. மனுப் போட்டு, முறை வரும் வரை காத்திருந்து, அவர்கள் எடுத்துக் கொடுப்பதை ஒவ்வொரு பக்கமாகத் திருப்ப வேண்டும். தாள் ஒவ்வொன்றும் பொரித்த அப்பளம். அழுத்திப் பிடித்தால் நொறுங்கும். ஃபேன் போட்டால் ஒரு துரையின் சொத்தே பறந்து போகும். அதனால் அந்த அறையில் ஃபேன் கிடையாது. சித்திரை மாதத்துத் திருச்சியில் ஃபேன் இல்லாத அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிலீஷ்காரன் பெயரைத் தமிழில் எழுதியவர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். 'மெக்கே' என்ற கனவான் அட்டவணையில் 'மக்குத் துரை'யாக உட்கார்ந்திருந்தார். சாகும் வரை அவருக்கு அது தெரிந்திருக்காது என்று நம்புகிறேன். ஆகவே ராம்சேயை நான் ராம்சி, ராம்சை, ரம்சே, றாம்சே என்று எனக்குத் தோன்றிய எல்லா விதத்திலும் தேடினேன். மகள் பெயர் எலிசபெத் என்று கனகவல்லி சொல்லியிருந்தார். எலிசபெத், எலிசபேத்து, இலிசபெத்து என்றும் தேடினேன். எதுவும் இல்லை. வாய்தா நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பத்திரம் காட்டாவிட்டால் தடை போய்விடும். தடை போன அன்று மாலையே ஜேசிபி தெருவுக்குள் வரும் என்று முத்துவேல் ஆள்கள் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அலுவலகம் பூட்டும் நேரம் ஆகிவிட்டது. எனக்கு அட்டவணை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஊழியர் சாவியைக் கையில் வைத்தபடி நின்றார். பாவம், அவருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. "மேடம், போயிட்டு நாளைக்கு வாங்க. இன்னும் கொஞ்சம் தேடினீங்கன்னா அந்தத் துரையே எந்திரிச்சு வந்து, ஆளை விடுங்க, நான்தான் வித்தேன்னு சொல்லிடுவாரு."

பக்கத்து வாழைத் தோட்டம்

வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஆளைத் தேடிக்கொண்டே இருந்தேனே தவிர, எல்லையைத் தேடவில்லை. பழைய பத்திரங்களில் சக்குபந்தி என்று ஒன்று எழுதுவார்கள். விற்கிற இடத்துக்கு வடக்கே யார் நிலம், தெற்கே யார் நிலம் என்று நாலு பக்கமும் சொல்லுகிற வரிகள். நம் பத்திரம் வெள்ளத்தில் போகலாம். பக்கத்து நிலத்துக்காரன் பத்திரத்தில் நாம் எல்லையாக நின்றுகொண்டிருப்போம். அவன் பெட்டியும் அதே வெள்ளத்தில் போயிருந்தால் ஒழிய.

தோப்புக்குத் தெற்கே இருக்கும் வாழைத் தோட்டம், ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருக்கும் சம்பத் என்பவருடையது. போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோவில் கைங்கரியக் குடும்பம். "வாங்கோ, உட்காருங்கோ, தீர்த்தம் சாப்பிடறேளா?" என்று உபசாரம் எல்லாம் பலமாகத்தான் இருந்தது. பத்திரம் என்றதும் முகம் மாறிவிட்டது. கோர்ட்டு விவகாரம் தனக்கு ஆகாது என்றார். பெருமாளுக்குப் புஷ்பம் எடுத்துக்கொண்டு போகிற கையால் கூண்டைப் பிடிக்க மாட்டேன் என்றார். எனக்கும் பொறுமை போய்விட்டது. "சார், உங்க தோட்டத்துக்கு வடக்கே நாளைக்கு ஒன்பது மாடி எழும்பும். வாழைக்கு வெயில் எங்கேருந்து வரும்னு பெருமாளையே கேட்டு வைங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது கையில் பட்டுத் துணியில் சுற்றிய பத்திரம் இருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே வாசித்தார். "வடக்கே, ராமசாமி துரை குமாரத்தியிடம் மாரியாயி வகையறா கிரயம் பெற்ற மனைகள்." மாரியாயி இருக்கிறாள். கிரயம் இருக்கிறது. ஆனால் ராமசாமி துரையா? அது யார்? வாய்விட்டே கேட்டுவிட்டேன். சம்பத் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'ராம்சே, ராம்சே' என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்மா, எழுதினவர் ஸ்ரீரங்கத்து மனுஷ்யராத்தான் இருக்கணும். ராமன் திருநாமத்தை எழுதிட்டு அடுத்தாப்பல 'சே'ன்னு எழுத எவருக்குக் கை வரும், சொல்லுங்கோ. அபசாரமில்லையோ?"

ஜீவனம்

மறுநாள் ராமசாமிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். திருச்சியில் ராமசாமிகளுக்குப் பஞ்சமா? உப்பிலியபுரத்தில் தோட்டம் வாங்கிய ராமசாமி, உறையூரில் வீடு விற்ற ராமசாமி, தம்பி மேல் கேஸ் போட்ட ராமசாமி. ஒவ்வொரு ராமசாமியையும் விசாரித்து அனுப்பிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் துரையைப் பிடித்தேன். பதிவான கிரயப் பத்திரம். சான்றிட்ட நகல் கையில் வந்ததும் வராந்தாவில் நின்றபடியே படித்தேன்.

அந்தக் காலத்தில் பத்திரம் எழுதும்போது ஆளுடைய சாதியும் பிழைப்பும் எழுத வேண்டும். அதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. ஜாதி இன்னது, ஜீவனம் இன்னது. நம் எழுத்தர் முறை தவறாதவர். விற்கிறவள் வெள்ளைக்காரச்சி என்பதற்காக எந்த இடத்தையும் காலியாக விடவில்லை. "ராமசாமி துரை குமாரத்தி எலிசபெத் துரைசானி, ஜாதி துரை, ஜீவனம் துரைத்தனம்" என்று எழுதியிருந்தார். வராந்தாவில் நின்று நான் சிரித்த சிரிப்பில், ஸ்டாம்ப் பேப்பர் விற்கிறவர் எழுந்து வந்து பார்த்தார். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாள் வயிற்றில் கிடந்த பயம் அது. இந்தத் தெருவை நான் தோற்கடித்துவிடுவேன் என்ற பயம். அது இறங்கியபோதுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது.

கனகவல்லிக்குப் போன் போட்டு வார்த்தைக்கு வார்த்தை படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரி வார்டில் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. "துரைத்தனம்னா என்ன வேலைங்க?" என்றார். உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவது என்றேன். "எங்க மாரியாயிக்கு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். பார்த்துச் சொன்னேன்: ஜீவனம் சமையல். போனில் ஒரு பெருமூச்சு வந்தது. "அப்ப அந்தப் பத்திரத்துலயே வேலைன்னு ஒண்ணு செஞ்சவ அவ ஒருத்திதாங்க."

உள்ளூர் ராமசாமி

வாய்தா அன்று முத்துவேலின் வக்கீல் அசரவில்லை. ராமசாமி வேறு, ராம்சே வேறு என்றார். சர்வே நம்பர் ஒன்றாக இருந்தால் என்ன, யாரோ உள்ளூர் ராமசாமியின் மகள் தனக்கில்லாத இடத்தை விற்றிருக்கிறாள், அவ்வளவுதான் என்றார். எலிசபெத் என்று பெயர் இருக்கிறதே என்றேன். திருச்சியில் ஞானஸ்நானம் வாங்கின குடும்பங்களுக்கா பஞ்சம், ராமசாமி மகள் எலிசபெத்தாக இருக்கக் கூடாதா என்று என்னைப் பார்த்தே கேட்டார். என் பெயர் ஜெசிந்தா. என் அப்பா வழியில் ஒரு ராமசாமி உண்டு. அவர் தம்பி மகள் பெயர் எலிசபெத்தேதான். அந்த மனுஷர் என் வம்ச வரலாற்றையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார்.

கூண்டில் ஏற மாட்டேன் என்ற சம்பத், நெற்றியில் திருமண்ணும் கையில் பட்டுத் துணி மூட்டையுமாக அன்று வந்து ஏறினார். தன் பத்திரத்தின் வடக்கு எல்லையை வாசித்துக் காட்டினார். தோப்பு துரையுடையது என்று தன் அப்பா சொல்லக் கேட்டதையும் சொன்னார். அப்புறம் நான் எங்கள் நகலை எடுத்து, சாதியும் ஜீவனமும் எழுதிய வரியை உரக்கப் படித்தேன். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜூனியர்கள் கறுப்புக் கோட்டில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உள்ளூர் ராமசாமிக்கு இந்த ஊரில் எந்தக் காலத்திலும் இந்தச் சாதி கிடைத்ததில்லை, இந்த ஜீவனமும் கிடைத்ததில்லை. கிடைத்திருந்தால் இன்றைக்கு அவன் பேத்திகளை ஆக்கிரமிப்பாளர் என்று எழுதி போர்டு வைக்க யாருக்கும் தைரியம் வந்திருக்காது" என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன். மேசையையும் தட்டினேன் என்று பிறகு சொன்னார்கள்.

நீதிபதி நகலை வாங்கி இரண்டு தடவை படித்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "துரைத்தனம் பண்ணிப் பொழச்ச உள்ளூர் ராமசாமி யாராவது இருந்தா, அடுத்த வாய்தாவுக்கு விவரத்தோட வாங்க சார். நானும் தெரிஞ்சுக்கிறேன்."

போர்டு

அப்படி ஒரு ராமசாமி கிடைக்கவில்லை. தீர்ப்பு தெருவின் பக்கம் வந்தது. முத்துவேல் அப்பீல் போயிருக்கிறார். போகட்டும். நானும் போவேன். லீகல் வேலை தருகிறேன் என்று சொன்ன அதே போனிலிருந்து, அவர் ஆள் ஒருவன் கூப்பிட்டு, ஊரில் இனி எந்த மனைப்பிரிவுக்காரரும் எனக்கு வேலை தர மாட்டார் என்று சொன்னான். கொஞ்ச நாள் அது உண்மையாகவும் இருந்தது. அப்புறம் மனை வாங்குகிறவர்களே நேராக என் மாடிப்படிக்கு வர ஆரம்பித்தார்கள். விற்கிறவனுக்குப் பிடிக்காத வக்கீல் என்பது நல்ல விளம்பரம் என்று எனக்கு முன்பு தெரியாது.

பட்டாவுக்கு மனுக் கொடுக்கக் கையெழுத்து வாங்கத் தெருவுக்குப் போயிருந்தேன். அடிபம்புக்குப் பக்கத்தில் அந்த போர்டு இன்னும் நின்றுகொண்டிருந்தது. பிடுங்கிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். நல்ல இரும்புச் சட்டம், வீணாக்குவானேன் என்று வைத்துக்கொண்டார்களாம். ராம்சேயையும் ஆக்கிரமிப்பாளரையும் அழித்துவிட்டு, நீல பெயிண்ட் அடித்து, மேலே வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தார்கள்: "ராமசாமி துரை தெரு." கனகவல்லி பிரஷ்ஷும் கையுமாகக் கடைசி எழுத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். எனக்குத் தொழில் புத்தி. பெயர் ராம்சே என்று கோர்ட்டில் அத்தனை பாடுபட்டு நிரூபித்திருக்கிறோம், சரியான பெயரையே எழுதலாமே என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுத்தை முடித்து, ஒரு எட்டு பின்னால் வந்து நின்று, கோணலாக இல்லையே என்று பார்த்துக்கொண்டார். "ராம்சேன்னு எழுதி வச்சா நாளைக்கு இன்னொருத்தன் பவர் வாங்கிட்டு வந்து நிப்பான், வக்கீலம்மா. ராமசாமிக்கு லண்டன்ல யாருங்க இருக்கா?"

துரைமார் கப்பல் ஏறிப் போய் இத்தனை காலம் ஆகியும் துரைத்தனம் மட்டும் இங்கேயே தங்கிவிட்ட ஊரில், என் பெயருக்குப் பக்கத்தில் ஜீவனம் வில்லங்கம் என்று யாராவது எழுதினால் நான் திருத்தச் சொல்லப் போவதில்லை.